வெயில் தொடாத பாட்டில்

ஒயினுக்கு முதல் எதிரி சூடு. ரகம், நாடு, விலை, பதக்கம் என்று ஒயின் புத்தகங்கள் விரிவாகப் பேசும் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பாட்டிலில் அடைத்த ஒயின் 12 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சியுள்ள, இருட்டான, அதிர்வில்லாத இடத்தில்தான் நலமாக இருக்கும். திருவனந்தபுரத்திலோ ராத்திரியில்கூட அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. பகலில் ஆண்டு முழுக்க 30 டிகிரியை ஒட்டியோ தாண்டியோதான் இருக்கும். ஐரோப்பியர்கள் தங்கள் குளிர்ந்த நிலவறைகளை மனதில் வைத்து எழுதிய ஆலோசனையை நம்பி நகரின் பாளையம் பகுதிக் கடைக்குப் போனால் அது பாதி தூரம்தான் கைகொடுக்கும். இந்த ஊரில் ஒரு பாட்டிலைப் பார்த்ததும் எழ வேண்டிய கேள்வி, அது எந்த வழியாக வந்தது, எத்தனை நாளாக அலமாரியில் நிற்கிறது என்பதே.

சூடு பட்ட ஒயின் பால் மாதிரி திரிந்துவிடாது. அதனால்தான் பலருக்கு அது கெட்டதே தெரிவதில்லை. வெள்ளை ஒயினில் எலுமிச்சை, கொய்யா, பச்சைப் புல் போன்ற வாசனைகள் முதலில் போகும். பிறகு நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு நகரும். சிவப்பு ஒயினில் புதுப் பழத்தின் மணம் போய், காய்ச்சிய ஜாமின் மணமோ உலர்திராட்சையின் மணமோ வந்துவிடும். வெப்பத்தில் திரவம் விரிந்து கார்க்கை மேலே தள்ளுகிறது. குளிர்ந்து சுருங்கும்போது இடுக்கு வழியே காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜன் மீதி வேலையை முடித்துவிடும். நாசிக்கிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சாலை வழி 1,500 கிலோமீட்டருக்கு மேல். ஏப்ரல், மே மாதங்களில் லாரியில் வந்து, கிடங்கில் காத்திருந்து, கடை அலமாரியில் டியூப் லைட்டுக்கு நேரே நிற்கும் பாட்டிலின் கதியை ஊகிப்பது கடினமல்ல.

ஒயினைக் கெடாமல் கொண்டுவருவது கேரளக் கரைக்குப் புதுத் தலைவலி அல்ல. கொடுங்ஙல்லூருக்கு அருகே பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து ஒயினும் ஆலிவ் எண்ணெயும் கொண்டுவந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பண்டைய முசிறித் துறைமுகம் அங்கேதான் இருந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. எரித்திரைக் கடலின் பெரிப்ளஸ் என்ற கிரேக்க வழிகாட்டி நூல், முசிறிக்கு ஒயின் கொஞ்சம்தான் இறக்குமதியானது என்கிறது. யவனர் கலத்தில் வந்த தேறல் என்ற மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டும் சொல்கிறது. அந்த வணிகர்கள் ஜாடியின் உட்புறத்தில் பிசின் பூசினார்கள். கோஸ் தீவுக்காரர்கள் கெடாமலிருக்க ஒயினில் கடல்நீரையே கலந்தார்கள். அந்த உப்புக் கரிப்போடு ஒரு பருவக்காற்றுப் பயணம் முடித்து வந்ததை முசிறியில் யார் விரும்பிக் குடித்தார்களோ!

இன்று கேரளத்தில் பாட்டில் மதுவின் மொத்த வியாபாரம் முழுவதும் அரசின் கையில். 1984இல் தொடங்கிய கேரள மாநில பிவரேஜஸ் கார்ப்பரேஷன், ஊர்ப்பேச்சில் பெவ்கோ, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. சில்லறைக் கடைகளை அதுவும் கன்ஸ்யூமர்ஃபெட்டும் நடத்துகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே மலையாளக் கொல்லம் ஆண்டு 1077இல் வந்த அப்காரி எனும் மதுச் சட்டம் இருக்கிறது. 23 வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது. மாதத்தின் 1ஆம் தேதி கடை கிடையாது. ஒருவர் கையில் வைத்திருக்கக்கூடிய ஒயின் 3.5 லிட்டர், அதற்குள் 750 மில்லி பாட்டில் நான்குதான் அடங்கும். பண்டிகைக்கு மொத்தமாக வாங்கி அடுக்கும் பழக்கத்துக்குச் சட்டமும் இடம் தரவில்லை, தட்பவெப்பமும் இடம் தரவில்லை.

எந்தக் கடைக்குப் போவது என்பதிலேயே தேர்வு தொடங்கிவிடுகிறது. பழைய பாணிக் கடையில் வரிசையில் நின்று, கம்பிக்குப் பின்னால் இருப்பவரிடம் பெயரைச் சொல்லிப் பணத்தை நீட்ட வேண்டும். பாட்டில் கைக்கு வரும்போது அது ஏற்கெனவே வாங்கியவருடையது. பிராந்தி, ரம் வாங்க அது போதும். அவை 40 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளவை, வெயிலுக்கு அவ்வளவாக அசையாதவை. ஒயின் வாங்க, பெவ்கோவின் சுயசேவை பிரீமியம் கடைகளே சரி. அங்கே குளிர்சாதனம் இருக்கும், பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம், எந்த ரகம் வேகமாகத் தீர்கிறது என்பதும் அலமாரியைப் பார்த்தாலே தெரியும். வேகமாகத் தீரும் சாதாரண ஒயின், தூசி படிந்து நிற்கும் உயர்ந்த ஒயினைவிட இந்த ஊரில் நம்பகமானது.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது கழுத்து. நிமிர்த்தி வைத்த பாட்டிலில் திரவம் கழுத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். தோள்வரை இறங்கியிருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது. கார்க் மூடியானால் மேல் உறையைத் தடவிப் பார்க்கலாம். கார்க் புடைத்து மேலே வந்திருந்தாலோ, உறையின் கீழ் விளிம்பில் பிசுபிசுப்பு தட்டுப்பட்டாலோ அந்த பாட்டில் சூட்டில் வெந்தது. திருகுமூடி போட்ட பாட்டிலை மலிவுச் சரக்கு என்று ஒதுக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் ஒயின் செய்தவர்கள் 2000இல் கூட்டாகத் திருகுமூடிக்கு மாறினார்கள். கார்க்கில் உண்டாகும் டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் ஒயினுக்கு நனைந்த அட்டைப்பெட்டியின் நாற்றத்தைக் கொடுத்துவிடுவதுதான் காரணம். சூடான ஊரில் திருகுமூடிக்கு இன்னொரு நன்மையும் உண்டு: கார்க்கைப்போல எளிதில் நகராது. பாட்டில் கனமாக இருப்பதும் அடியில் குழி ஆழமாக இருப்பதும் கண்ணாடிச் செலவைக் காட்டுமே தவிர உள்ளே இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கண்ணாடியின் நிறம் மட்டும் கவனிக்கத் தக்கது. நிறமற்ற பாட்டிலில் வரும் ரோஸே ஒயின் வெளிச்சத்தில் சீக்கிரம் கெடும். அதை அலமாரியின் முன்வரிசையில் எடுக்காமல் பின்வரிசையில் கை விட்டு எடுப்பது உத்தமம்.

அடுத்து ஆண்டு. லேபிளில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஆண்டு, திராட்சை அறுவடையான ஆண்டு. ஐரோப்பாவில் அறுவடை செப்டம்பர், அக்டோபரில். இந்தியாவில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லாததால் வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை பழம் பறிக்கிறார்கள். ஆகவே ஓராண்டின் இந்திய வெள்ளை ஒயின் அதே ஆண்டிலேயே கடைக்கு வந்துவிட முடியும். வெள்ளையும் ரோஸேயும் அறுவடையிலிருந்து இரண்டு ஆண்டுக்குள், சாதாரண சிவப்பு மூன்று நான்கு ஆண்டுக்குள் என்று வைத்துக்கொண்டால் திருவனந்தபுரத்தில் ஏமாற்றம் குறையும். பழசானால் ஒயின் சிறக்கும் என்பது, அதற்கென்றே செய்யப்பட்டு நிலவறையில் கிடந்த சில ஒயின்களுக்குத்தான் பொருந்தும். கடைக் கிடங்கின் சூட்டில் ஐந்து வருடம் கிடந்தது பழசு மட்டுமே. ஆண்டு அச்சிடாத இந்திய பாட்டில்களும் உண்டு. அவற்றில் பின்லேபிளில் பொடி எழுத்தில் உள்ள பாட்டிலில் அடைத்த மாதத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பின்லேபிள் இன்னும் சிலவற்றைச் சொல்லும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதுபான விதிகள் 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆல்கஹால் அளவும் எச்சரிக்கை வாசகமும் கட்டாயம். கெடாமல் காக்கும் சல்ஃபைட் சேர்ந்திருந்தால் சிலருக்கு ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் அதுவும் அச்சிடப்படுகிறது. சல்ஃபைட் என்ற சொல்லைக் கண்டு பயந்து பாட்டிலைத் திரும்ப வைப்பவர்கள், கடையில் விற்கும் உலர்பழங்களிலும் அது உண்டு என்பதை அறிந்தால் நிம்மதி அடையலாம்.

முன்லேபிளின் பெரிய சொற்களில்தான் ஆள் வழுக்கி விழுகிறார். ‘ட்ரை’ என்றால் சர்க்கரை மீதம் இல்லாதது. ஐரோப்பிய விதிப்படி பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது, 45 கிராம் ஆனால் அது இனிப்பு ஒயின். நுரைக்கும் ஒயினில் கணக்கு வேறு: ‘ப்ரூட்’ 12 கிராமுக்குக் கீழே, ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ 12 முதல் 17 வரை. பெயரைப் பார்த்து எக்ஸ்ட்ரா ட்ரை வாங்கியவருக்கு ப்ரூட்டைவிட இனிப்பானது கிடைக்கும். ‘ரிசர்வ்’ என்ற சொல்லுக்கு ஸ்பெயினில் சட்ட மதிப்பு உண்டு. அங்கே ரிசர்வா சிவப்பு ஒயின் என்றால் மூன்று ஆண்டு வைத்திருந்திருக்க வேண்டும், அதில் ஓராண்டு ஓக் பீப்பாயில். இந்தியாவில் அது தயாரிப்பாளர் தம் சரக்குக்குத் தாமே சூட்டும் பட்டம். நல்ல நிறுவனம் அதைப் பொறுப்போடு பயன்படுத்தும், அவ்வளவே.

‘போர்ட்’ இன்னொரு வழுக்கு. உண்மையான போர்ட் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளைவது. 1756இலேயே எல்லை வகுக்கப்பட்ட பகுதி அது. நொதித்தல் பாதியில் இருக்கும்போது திராட்சைச் சாராயம் ஊற்றி நிறுத்துவதால் இனிப்பும் 20 சதவீதம் அளவுக்கு ஆல்கஹாலும் அதற்கு உண்டு. இந்தியக் கடைகளில் போர்ட் என்ற பெயரில் குறைந்த விலைக்கு நிற்பவை பெரும்பாலும் இனிப்பூட்டிய சிவப்பு ஒயின். கிறிஸ்துமஸ் பிளம் கேக்கோடு குளிரக் குளிரக் குடிக்க அதில் குற்றமில்லை. ஒயின் இப்படித்தான் இருக்கும் என்று அதைக் கொண்டு முடிவு செய்வதுதான் தவறு.

விலைக்கு வருவோம். வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியாவின் இறக்குமதி வரி பொதுவாக 150 சதவீதம். ஆஸ்திரேலியாவோடு செய்த ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29இல் அமலானதும், 5 டாலருக்கு மேற்பட்ட ஆஸ்திரேலிய பாட்டிலுக்கு அது 100 ஆகவும், 15 டாலருக்கு மேற்பட்டதற்கு 75 ஆகவும் குறைந்து, பத்தாண்டில் மேலும் இறங்க வழி செய்யப்பட்டது. அதன்மேல் கேரள அரசின் வரி. இதன் விளைவு எளிமையானது: கடையில் கிடைப்பதிலேயே மலிவான வெளிநாட்டு பாட்டிலை வாங்குபவர் ஒயினுக்குக் கொடுப்பது சொற்பம், வரிக்கும் கப்பலுக்கும் கொடுப்பது மிகுதி. அதே பணத்துக்கு நாசிக்கிலோ நந்தி மலையிலோ செய்த பாட்டில் கிட்டத்தட்ட எப்போதும் மேலானது. வெளிநாட்டு ஒயின்தான் வேண்டுமென்றால் விமான நிலையத்து டூட்டி ஃப்ரீ கடை நல்ல இடம். வளைகுடாவிலிருந்து வருபவர் நிறைந்த ஊர் இது. ஒருவர் 2 லிட்டர் மதுவரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம், அந்தக் கடைகளில் குளிர்சாதனமும் நாள் முழுக்க ஓடும்.

விலை ஏற ஏறச் சுவை ஏறுமா? 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், விலையும் பெயரும் மறைத்து 6,000 தடவைக்கு மேல் ஒயின் சுவைக்கக் கொடுத்தார்கள். பயிற்சி இல்லாதவர்கள் விலை அதிகமானதைச் சற்றுக் குறைவாகவே ரசித்தார்கள். நிபுணர்களுக்கும் லேபிள் தெரியாதபோது சறுக்கும். 1976இல் பாரிஸில் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய மறைவுச் சுவைப்பில், பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னியாவின் இரண்டு ஒயின்களைப் பிரான்சின் பெரும்பெயர்களுக்கு மேலே வைத்துவிட்டார்கள். மிக மலிவானதைத் தவிர்த்து நடுத்தர விலையில் நின்றுகொள்வது, தொடங்குபவருக்குப் போதுமான சூத்திரம்.

இந்திய ஒயின் என்றால் பெரும்பகுதி மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் செய்வது. பெங்களூரை அடுத்த நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் 1980களில் பிரெஞ்சுக் கொடிகளை நட்டார். நாசிக்கில் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா, செனின் பிளாங்க், சாவிஞான் பிளாங்க் என்ற இரு வெள்ளை ரகங்களை இந்தியக் கடைகளில் பழகிய பெயராக்கியது. சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜில் இந்தியக் குடும்பங்களும் இத்தாலியச் சகோதரர்களும் சேர்ந்து ஃபிராட்டெல்லியைத் தொடங்கினார்கள். பொதுவாக இந்த மண்ணில் வெள்ளை ரகங்கள் நம்பிக்கையாக வருகின்றன. சிவப்பில் ஷிராஸ் வெயிலைத் தாங்கும் ரகம். முதல் பாட்டில் வாங்குபவர் செனின் பிளாங்கில் தொடங்கினால் பயப்பட ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்கத் திராட்சை விளைகிறதே, அதில் ஏன் பேர்பெற்ற ஒயின் இல்லை? 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் ரகம். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. தின்ன அருமையான பழம். ஒயினுக்கு வேண்டியது வேறு: சின்னப் பழம், தடித்த தோல், நிறையச் சர்க்கரை. ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால்தான் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 12 சதவீதத்துக்கு 200 கிராம் வேண்டும். தின்னும் திராட்சையில் அவ்வளவு இருக்காது. கேரளத்துக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பருக்காகப் பரணி ஜாடியில் போடும் ஒயினில் பழத்தோடு சர்க்கரையும் அள்ளிக் கொட்டுவது இதனால்தான். கோதுமை, கிராம்பு, பட்டை, ஈஸ்ட் எல்லாம் சேரும் அந்த ஒயினைப் பலரும் ஆசையோடு கேட்டு வாங்கினாலும், உரிமம் இல்லாமல் செய்வதும் விற்பதும் அப்காரி சட்டப்படி குற்றம் என்று கலால் துறை பண்டிகைக் காலங்களில் எச்சரிக்கிறது. பழ ஒயினுக்குச் சிறு ஆலைகள் தொடங்க 2022இல் கேரள அரசு விதி வகுத்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் முந்திரிப்பழம், வாழை, அன்னாசியிலிருந்து ஒயின் செய்து நிளா என்று பெயர் வைத்தது.

எதோடு குடிப்பது என்பதில் ஐரோப்பியச் சூத்திரங்கள் தடுமாறும். மிளகாயின் காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல் கூடும். சிவப்பு ஒயினின் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு தாங்காது. காரத்தைத் தணிப்பது இனிப்பும் குளிர்ச்சியும். ஆகவே மரச்சீனிக் கிழங்கும் குடம்புளி போட்ட மீன்குழம்பும் மேசையில் இருந்தால், லேசாக இனிப்புள்ள செனின் பிளாங்கோ ரீஸ்லிங்கோ, 12 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலோடு, நன்றாகக் குளிரவைத்துக் குடிக்கலாம். குடம்புளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் புளிப்பு ஒயினிலும் வேண்டும், இல்லாவிட்டால் அது சப்பென்றிருக்கும். மீனோடு சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் இரும்பு வாடை வருவதற்கு, ஒயினிலுள்ள இரும்புச்சத்து மீன் கொழுப்போடு வினைபுரிவதே காரணம் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தேங்காய்ப்பால் இஷ்டூவும் ஆப்பமும் சாதுவானவை. எந்த வெள்ளை ஒயினும் ஒத்துப்போகும்.

மிளகு தூக்கலாகத் தேங்காய்க் கொத்தோடு வறுத்த பீஃப் வேறு கதை. ஷிராஸில் சிலசமயம் தெரியும் மிளகு வாசனை கற்பனை இல்லை. ரோட்டண்டோன் என்ற ஒரே சேர்மம்தான் மிளகிலும் அந்தத் திராட்சையிலும் அந்த மணத்தைத் தருகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஓணச் சத்யா விருந்துக்கு ஏற்ற ஒயின் எது என்று தேடுவது மட்டும் வீண் வேலை. இஞ்சிக்கறி, புளிசேரி, உப்பேரி, பாயசம் என்று ஒரே இலையில் வருவதற்கு ஈடாக எந்த ஒயினும் நிற்காது. அங்கே சம்பாரம் என்ற மோர் போதும்.

வாங்கி வந்த பாட்டிலை வண்டியில் விட்டுவிட்டு இன்னொரு வேலைக்குப் போனால் இத்தனை கவனமும் பாழ். மூடிய கார் வெயிலில் அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். வீட்டில் சமையலறை மேலடுக்கும் ஃப்ரிட்ஜின் தலையும் ஒயினுக்கு ஆகாத இடங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதானால் ஃப்ரிட்ஜின் உள்ளேயே, கீழ்த்தட்டில், படுக்கவைக்கலாம். அடியில் கண்ணாடித் துகள் மாதிரி ஏதாவது படிந்தால் பயப்பட வேண்டாம். அது குளிரில் உறைந்த டார்ட்டாரிக் அமில உப்பு, தீங்கற்றது.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறச் சொல்லும் விதி, 16 முதல் 18 டிகிரி வரை உள்ள அறைகளுக்குப் போட்டது. திருவனந்தபுரத்துக் கவடியார் பகுதியில் வீட்டுக் கூடம் 30 டிகிரியில் இருக்கும்போது அதை அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். சிவப்பைக் குடிப்பதற்கு அரைமணி முதல் முக்கால் மணி முன்னால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வெள்ளைக்கு இரண்டு மூன்று மணி நேரம், நுரைக்கும் ஒயினுக்கு அதற்கும் மேல். கோப்பையில் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டால் சூடாவதற்குள் தீரும். திறந்ததும் நனைந்த அட்டை வாடையோ, வினிகர் நெடியோ, வெந்த ஜாம் மணமோ வந்தால் அது கெட்ட பாட்டில். ஹோட்டலில் தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம். முதலில் ஒரு வாய் ஊற்றிக் காட்டுவது அதற்காகத்தான்.

மீந்ததை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் வெள்ளை இரண்டு மூன்று நாளும், சிவப்பு மூன்று நான்கு நாளும் தாங்கும். அதற்கு மேல் இறைச்சியில் ஊற்றிச் சமைக்கலாம். நுரைக்கும் ஒயின் மறுநாளே அடங்கிவிடும். வீட்டில் ஒன்றிரண்டு பேர்தான் என்றால் 375 மில்லி பாட்டில் இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்கலாம்.